மெர்சிங் கவுண்டரில் யாரும் திறக்காத பாதி டிஸ்க்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருவர் என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். யாரென்று சொல்லப்போவதில்லை, இதைப் படிக்கும்போது அவரே நெளிவார். படத்தில் ஒரு சர்வரின் டிஸ்க் இரண்டு பட்டைகளாகத் தெரிந்தது. லினக்ஸ் இருக்கும் பட்டை நிரம்பி, சிவந்துபோயிருந்தது. பக்கத்தில் பழைய விண்டோஸ் பட்டை சாம்பல் நிறத்தில் பேசாமல் கிடந்தது. கீழே ஒரே வரி: ‘ஆன்ட்டி, இது சும்மாதானே கெடக்கு, அழிச்சிட்டு லினக்ஸுக்குக் குடுத்துடலாமா?’

‘யாரைக் கேட்டீங்க?’ என்று பதில் போட்டேன். அவர் ஒரு சிரிக்கிற முகத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அழித்தாரா, விட்டாரா என்று இதுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சிரிக்கிற முகம்தான் என்னை உட்கார வைத்து இதை எழுத வைக்கிறது.

டிஸ்க் பார்ட்டிஷனை, அந்தப் பட்டைகளை, எப்படிச் சுருக்குவது, எப்படி நீட்டுவது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த கமாண்டுகள் உங்கள் விரல் நுனியில் இருக்கின்றன. என் காலத்தில் அவற்றைத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்போம். நீங்கள் கேட்டால் மெஷினே சொல்லிவிடுகிறது. நான் சொல்ல வந்தது கமாண்டுக்கு முன்னால் வருகிற ஒரு காலைப்பொழுதைப் பற்றி. அந்தக் காலையில் எனக்கு உதவ எந்த மெஷினும் வரவில்லை.

செனாய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே டயர் கழற்றுகிற சத்தம், மேலே விமானம் இறங்குகிற சத்தம், நடுவில் நாங்கள் நாலு பேர். ஃபேக்டரிகள், கிளினிக்குகள், பஸ் கம்பெனி, தமிழ்ப்பள்ளி என்று மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுக்க யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நான் லாயாங் லாயாங் என்ற ரயிலடி ஊரில் பிறந்து, ரயில் போவதையே பார்த்து வளர்ந்தவள். பொம்பளைப் பிள்ளை ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் தனியாக வேன் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்து எங்கள் சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கோ அந்த வேன்தான் உலகம். அதன் கியர் இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும், ஏர்கான் மழை பெய்தால் மட்டும் வேலை செய்யும். இன்றும் அந்த நாட்களை நினைத்தால் மனசு இனிக்கிறது. இப்போது நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா மெஷினுக்குள்ளும் போய்விடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் கோத்தா திங்கி தாண்டி, யானை கடக்கும் என்ற பலகைகளைப் பார்த்துக்கொண்டே கடலோர மெர்சிங் போகிற அந்தச் சாலையை நீங்கள் இழந்துவிட்டீர்கள் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

எங்கள் முதலாளி சிலோன்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினால் தாத்தா காலத்து யாழ்ப்பாணத் தமிழ் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: “அழிக்க முந்தித் திறந்து பார், பிள்ளை. பார்த்ததுக்கு ஒருத்தரும் அடிக்க மாட்டினம்.” நான் அதை ரொம்பச் சாதாரணப் பேச்சு என்று நினைத்தேன்.

மெர்சிங்கில் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். தீவுகளுக்குப் படகு விடுகிற ஒரு சின்னக் கம்பெனி. நாலு படகு, படகுத்துறை ஜெட்டியில் ஒரு டிக்கெட் கவுண்டர், கவுண்டருக்குப் பின்னால் உயிர்காப்புச் சட்டைகள் அடுக்கிய ஸ்டோர். ரப்பர் தோட்டத்து வேலையை விட்டு வந்த ஒரு மனிதர் ஒற்றைப் படகோடு ஆரம்பித்தது. அவர் காலமான பிறகு மூத்த மகன் சந்திரன் அண்ணன் பொறுப்பெடுத்துக்கொண்டார். ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு ஏஜெண்டுகளோடு பேசுவது அவர் வேலை. அவருக்கு ரொம்ப இளையவள் தங்கை புஷ்பா. கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பது அவள்.

அங்கே டிக்கெட்டை லினக்ஸுக்கு மாற்றியது புஷ்பாவின் பிடிவாதம். அதற்கு முன்னால் பயணிகள் பட்டியலைக் கையால் எழுதுவார்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் ஜெட்டி அதிகாரி எந்தப் படகையும் அவிழ்க்க விடமாட்டார். மழை நாளில் மை கரையும், பெயர் தப்பாகும், கூட்டம் கத்தும். “இனிமே கையால எழுதுற பேச்சே இருக்காது, என்னை நம்புங்க” என்று அண்ணனிடம் சவால்விட்டு அவள் எங்களை வரவழைத்தாள். அண்ணன் அரைமனதாகச் சரியென்றார். ஆனால் கவுண்டரில் ஏற்கெனவே கிடந்த பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கில் ஒரு மூலையைத்தான் கொடுத்தார். “இந்த எடத்த மட்டும் எடுத்துக்கோ செல்வி. பழசத் தொடாத” என்றார். ஏனென்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. பழையதைத் தொடாமல் விடுவது அவர் சுபாவம், அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் போட்டால் நேராக லினக்ஸ் வரும்படி வைத்துவிட்டு வந்தேன். பழைய விண்டோஸின் பெயர் தொடக்கத் திரையில் இரண்டாவது வரியாகக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு மறையும்.

மெர்சிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருஷக் கடைசியில் மழைக்காலம் வந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும். தீவுப் படகுகள் ஓடாது. படகுகளை இழுத்துக் கட்டி, கவுண்டரைப் பூட்டி, கம்ப்யூட்டர் மேல் பிளாஸ்டிக் துணியைப் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். சீனப் புத்தாண்டெல்லாம் முடிந்து கடல் அடங்கிய பிறகு சீசன் திறக்கும். அப்போதுதான் புஷ்பாவும் வருவாள், அண்ணனும் வருவார்.

அப்படிச் சீசன் திறக்கிற முதல் நாள். வழக்கமான சரிபார்ப்புக்காக நான் விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருந்தேன். போய் இறங்கியபோது ஜெட்டியில் திருவிழாக் கூட்டம். சிங்கப்பூரிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள், ரிசார்ட் வேலைக்குத் திரும்புகிறவர்கள், தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போகும் ஒரு டீச்சர், சமையல் கேஸ் தோம்பு, முட்டைத் தட்டு, வெங்காய மூட்டை. கவுண்டருக்குள்ளே புஷ்பா வெளுத்துப்போய் நின்றாள்.

“ஐயோ அக்கா, அலமாக்! டிஸ்க் ஃபுல்லுன்னு வருது. லிஸ்ட்டு பிரிண்ட் ஆகவே மாட்டேங்குது.”

பார்த்தேன். நாங்கள் வாங்கிய மூலை நிரம்பிவிட்டது. அதுகூடப் பெரிய விஷயமில்லை. சிஸ்டம் தானே எழுதிச் சேர்க்கும் பழைய லாக் ஃபைல்கள் கொஞ்சத்தைத் தூக்கியெறிந்தால் மூச்சு விடலாம், எறிந்தும் பார்த்தேன். ஆனால் எழுதிக்கொண்டிருந்தபோது இடம் இல்லாமல் போனதால் டிக்கெட் பதிவுகள் பாதியில் உடைந்து நின்றிருந்தன. அவற்றைச் சீராக்க நிறைய காலி இடம் வேண்டும். வேனில் வெளி டிஸ்க் ஒன்று இருந்தது. அந்தக் கிழட்டு மெஷினிலிருந்து அதற்கு நகலெடுத்து முடிக்க மத்தியானமாகிவிடும். படகோ அதுவரை நிற்காது. மெர்சிங் ஆறு கடலில் சேரும் வாயில் மணல் மேடு உண்டு. தண்ணீர் ஏறியிருக்கும்போது போனால்தான் போனது. விட்டால் சாயந்திரம் மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

சந்திரன் அண்ணன் வெளியிலிருந்து வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

“என்னா பிரச்சன?”

சொன்னேன். அவர் திரையை எட்டிப் பார்த்தார். உங்களில் ஒருவர் எனக்கு அனுப்பினாரே, அதே மாதிரி படம். ஒரு பட்டை சிவப்பு, ஒரு பட்டை சாம்பல்.

“இந்தப் பெரிய பார்ட்டு யாருது?”

“பழைய விண்டோஸ், அண்ணே. நீங்கதான் தொடாதன்னு சொன்னீங்க.”

“அப்ப சொன்னதெல்லாம் இப்ப எதுக்கு? யாரு அதத் தொறக்குறா? புஷ்பா, நீ தொறந்திருக்கியா?”

“ஒரு நாள்கூட இல்ல.”

“நானும் இல்ல. தூக்கி எறி லா! அந்த எடத்த இதுக்குக் குடு, லிஸ்ட்ட அடி, படகு போகட்டும்.”

செய்ய முடியும். அழித்துவிட்டு அந்த இடத்தை லினக்ஸுக்கு மாட்டிவிட எனக்கு அதிக நேரம் ஆகாது, பதிவுகளையும் தண்ணீர் வற்றுவதற்குள் சீராக்கிவிடலாம். கம்பெனியின் சொந்தக்காரரே அழி என்கிறார். தினமும் அந்த மெஷினில் உட்காருகிறவளும் திறந்ததில்லை என்கிறாள். இதைவிட என்ன அனுமதி வேண்டும்? கை கீபோர்டுக்குப் போய்விட்டது.

ஆனால் முதலாளி சொன்னது பழக்கமாகவே ஆகியிருந்தது. எழுத முடியாதபடி, பார்க்க மட்டும் முடிகிற மாதிரி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பழைய சினிமாப் படங்கள், யாரோ எடுத்த கல்யாணப் படங்கள், காலாவதியான புரோகிராம்கள், எல்லாம் குப்பை. ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் என்னை நிறுத்தியது. உள்ளே வருஷத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஃபைல்கள். பெயர் எல்லாம் வெறும் எண்கள். எதனால் திறப்பது என்றே எனக்குத் தெரியாத வகை. ஒவ்வொன்றும் சீசன் திறப்பதற்குச் சற்று முன்னால் எழுதப்பட்டிருந்தது. கடைசி ஃபைலின் தேதி அந்த வாரத்தைக் காட்டியது.

“அண்ணே, இந்த வாரம் யாரோ இதத் தொறந்திருக்காங்க.”

“யாரு? பேயா?” என்றார். “மழக்காலம் முழுக்க ஆஃப் பண்ணிக் கெடந்த மெஷின் லா இது. தேதி தப்பாத்தான் காட்டும். கேட்டுப் பாரு இவள.”

புஷ்பா தயங்கித் தலையாட்டினாள். “ஆமாக்கா. ஒவ்வொரு சீசனும் ஆரம்பத்துல தேதி கோணமாணலாத்தான் இருக்கும். நான்தான் சரி பண்ணுவேன்.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேட்டரி செத்த மெஷினின் தேதியை நம்பக்கூடாதுதான். ஆனால் செத்த கடிகாரம் பழைய வருஷத்துக்குத்தான் ஓடும், சரியாக இந்த வாரத்தில் வந்து நிற்காது என்று என் மனசுக்குள் ஒன்று முரண்டு பிடித்தது. அதுவும் ஊகம்தான். செனாய்க்கு ஃபோன் போட்டேன். அன்றைக்குப் பார்த்து முதலாளி ஒரு ஃபேக்டரிக்குள் இருந்தார். கைப்பேசியை வாசலிலேயே காவலர் வாங்கி வைத்துக்கொள்கிற ஃபேக்டரி. மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பிள்ளைகளே, நெருக்கடியில் நம்மைக் குழப்புவது இரண்டு பிரச்சினை ஒரே பிரச்சினை மாதிரி வந்து நிற்பதுதான். டிஸ்க் நிரம்பியது ஒன்று. படகு போக வேண்டியது இன்னொன்று. இரண்டையும் ஒரே கையால் தீர்க்கச் சொல்லி எல்லாரும் கத்துகிறார்கள். கொஞ்சம் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது: படகு போக டிஸ்கே தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

“புஷ்பா, இன்னைக்குக் காலையில மட்டும் கையால எழுதிடு. நான் இதத் தொடல.”

அவள் முகத்தை நான் மறக்கவே முடியாது. வேறு யாரிடம் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது, இத்தனை பேர் முன்னால் அண்ணனிடம் தோற்பது.

சந்திரன் அண்ணன் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. “இதுக்குத்தான் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு ஆடுனியா? எழுது. ஆனா ஒண்ணு, நீ பேனாவ எடுத்தீன்னா நாளையிலேர்ந்து இந்தக் கவுண்டர்ல வேற ஆளு ஒக்காரும். நீ வீட்டப் பாத்துக்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “இல்லன்னா நீ அழி. ரெண்டுல ஒண்ணு” என்றார்.

அந்தக் கவுண்டர்தான் அவளுக்கு எல்லாம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவள். வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போதெல்லாம் ‘சீசன் முடியட்டும்’ என்று தள்ளித் தள்ளிக் காப்பாற்றி வைத்திருந்த இடம். என் ஜாக்கிரதைக்கு விலை கொடுக்கப்போவது நானில்லை, அவள். ‘சரி, அழித்துத் தொலைக்கிறேன்’ என்று வாய் வரைக்கும் வந்தது.

புஷ்பா என்னைப் பார்த்தாள். “அக்கா, உள்ள இருக்குறது யாருதோ தேவைப்படுறதுன்னு நீங்க நெனைக்கிறீங்களா? நெசமா?”

“நெனைக்கிறேன். தெரியாது.”

அவள் டிராயரைத் திறந்து தாளை எடுத்தாள். முதல் பயணியின் பெயரைக் கேட்டாள். எழுத ஆரம்பித்தாள். அவள் கையெழுத்து அத்தனை அழகு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட்டம் முனகியது, பிறகு வரிசையில் நின்றது. டீச்சரே முன்னால் வந்து பெயர்களைச் சத்தமாகப் படித்துக் கொடுத்தார். காலைப் படகுகள் இரண்டும் தண்ணீர் இருக்கும்போதே கிளம்பிப் போயின. சந்திரன் அண்ணன் வெளியே போய், புகைத்துக்கொண்டு, யாரையோ ஃபோனில் கூப்பிட்டு நாளைக்கு வரச் சொன்னார். அது எங்கள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார்.

நான் வேனிலிருந்து டிஸ்கைக் கொண்டுவந்து மாட்டி, இரண்டு பக்கத்தையும் நகலெடுக்கப் போட்டேன். புஷ்பா ஸ்டோரில் உயிர்காப்புச் சட்டைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அக்கா, உள்ள ஒண்ணுமே இல்லன்னா?”

“ஒங்க அண்ணன்கிட்ட நான் பேசுறேன்.”

“பேசி?”

நான் எழுந்து போய், நகல் எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று பார்த்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். முழங்கால் வரை சேறு. கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் துண்டில் சுற்றிய, படகுக்கு வழிகாட்டும் இரண்டு ஜிபிஎஸ் பெட்டிகள். அந்தக் கம்பெனியின் மூத்த படகோட்டி அவர், பின்கதவுச் சாவி வைத்திருப்பவர். மலாய்க்காரர். வயசுக்கு மரியாதையாக எல்லாரும் ‘பாக் லோங்’ என்று கூப்பிடுவார்கள், நம் பெரியப்பா மாதிரி. காலையிலிருந்து சின்னப் படகில் ஆற்று வாயில் அடையாளக் கழி நட்டுக்கொண்டிருந்தார். கவுண்டருக்குள் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது.

நான் கீபோர்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மலாயில் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். தமிழில் சொல்கிறேன்: “முடிஞ்சதாம்மா? எனக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வேணும்.”

“எந்தப் பக்கம், பாக் லோங்?”

“அதான், ரெண்டாவது வரி.”

புஷ்பா எழுந்து நின்றுவிட்டாள். வெளியே இருந்த அண்ணனைக் கத்திக் கூப்பிட்டாள். நகல் முடிந்ததும் எழுந்து இடம் கொடுத்தேன். அவர் மெஷினை மறுபடி போட்டு, தொடக்கத் திரையில் ஒரே ஒரு தட்டு தட்டிக் கீழ்வரிக்குப் போனார். விண்டோஸ் வந்ததும் முதல் வேலையாகத் தேதி சரியா என்று பார்த்தார்; பல வருஷப் பழக்கம் அந்த விரலில் தெரிந்தது. வாளியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வயரில் மாட்டினார். ஏதோ ஒரு புரோகிராம் திறந்தது. நீலத் திரையில் ஆற்று வாய், அதன் குறுக்கே வளைந்து வளைந்து கடலுக்குப் போகிற ஒரு சிவப்புக் கோடு.

ஒவ்வொரு மழைக்காலமும் ஆற்று வாயில் மணலை இடம் மாற்றிப் போட்டுவிடும். போன சீசனில் ஆழமாக இருந்த இடம் இந்த சீசனில் மேடாக இருக்கும். கடல் அடங்கியதும் பாக் லோங் முதல் ஆளாகக் கழியை ஊன்றி ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே போவார். எங்கே வழி இருக்கிறதோ அதை ஜிபிஎஸ்ஸில் பதிந்து இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். இங்கிருந்துதான் நாலு படகுக்கும் புது வழி போகும். காலையில் போன இரண்டு படகுக்கும் அந்த வாரமே ஏற்றிவிட்டார். சாயந்திரம் போக வேண்டிய இரண்டும் பாக்கி. அவற்றில் ஒன்றை அவரே ஓட்டுவார். இன்னொன்றை ஓட்டுகிறவன் புதியவன், திரையில் கோடு காட்டுகிற பக்கம்தான் போவான். அவன் பெட்டியில் இன்னும் இருந்தது போன வருஷத்துக் கோடுதான்.

“எப்பலேர்ந்து இப்படி?” சந்திரன் அண்ணன் குரல் இறங்கியிருந்தது.

“ஒங்க அப்பா இருக்கும்போதே. இதுக்குத்தானே இந்தக் கம்ப்யூட்டர வாங்கினார். டிக்கெட்டு பின்னாடி வந்து குடியேறினது.”

“எங்ககிட்ட ஏன் சொல்லல?”

பாக் லோங் நிஜமாகவே யோசித்தார். “மழைக்காலத்துல இங்க யாரு இருக்கீங்க, சொல்றதுக்கு?”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். கவுண்டர்காரர்களுக்கு வருஷம் சீசனில் ஆரம்பிக்கிறது. படகுக்காரருக்கு அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஒரே மெஷினில் இரண்டு பேரும் வேலை செய்து, ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அவர் போன வருஷத்துக் கோட்டையும் பக்கத்தில் போட்டுக் காட்டினார். அது இந்த வருஷத்து மணல் மேட்டின் நடு முதுகில் ஏறிப் போனது. சந்திரன் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வழியை அழிக்கச் சொல்லி அவர்தான் காலையில் கத்தினார். அதே வாயால் சாயந்திரப் படகுக்கு ஆள் ஏற்றியிருப்பார்.

இரண்டு பெட்டிக்கும் புது வழி ஏறியது. நான் பெருமையாக, “மத்த வருஷத்துதெல்லாம் பத்திரமா இருக்கு, பாக் லோங். எல்லாத்தையும் நகல் எடுத்துட்டேன்” என்றேன்.

“எதுக்கு?” என்றார். “பழைய வழிய வெச்சு என்ன பண்ண? எவனாவது அத மாத்தி ஏத்திக்கிட்டா படகு மண்ணுல ஏறிடும். அழிச்சிடும்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் காத்ததை அதன் சொந்தக்காரர் அலட்டிக்கொள்ளாமல் காலி செய்யச் சொல்லிவிட்டார். நீங்கள் இதை நன்றாகக் கவனியுங்கள். அவருக்கு வேண்டியது அந்தப் புரோகிராமும் இந்த வருஷத்து ஒரு சின்ன ஃபைலும்தான். மீதி அத்தனையும் சந்திரன் அண்ணன் சொன்னது போலக் குப்பைதான். அண்ணன் சொன்னது ஏறக்குறைய சரி. ஆனால் எது குப்பை என்று சொல்ல வேண்டிய ஆள் அவரில்லை. நம் தொழிலில் பாதி, அந்த ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அந்த நேரத்தில் நம்மைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பாக் லோங் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கை காட்ட, நான் அழித்தேன். விண்டோஸை அவருக்குப் போதுமான ஒரு மூலைக்குச் சுருக்கிவிட்டு மீதியை லினக்ஸுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். பழைய டிஸ்க், மெதுவாகத்தான் நகரும். சாயந்திரப் படகு கிளம்பும்வரை கவுண்டரில் கம்ப்யூட்டர் கிடைக்காது என்று சொல்லிவிட்டேன்.

வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பாக் லோங் கதவருகே நின்றார். “புஷ்பா, நீயும் வா. இந்தக் கோட்டத் திரையில பாத்தா போதாது. எனக்கும் வயசாவுது. ஒரு நா நான் வரலன்னா இத ஏத்த ஒரு ஆளு வேணும்.”

புஷ்பா அண்ணனைப் பார்த்தாள். கவுண்டருக்கு வெளியே அடுத்த கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அவள் போனால் பட்டியலை யார் எழுதுவது?

சந்திரன் அண்ணன் எழுந்தார். அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்தது. அதன் ஒரு கால் ஆடும் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. டிராயரில் தாளைத் தேடினார். பேனா மூடியைக் கழற்ற முடியாமல் பல்லால் கடித்து இழுத்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

“ஐசி நம்பர் சொல்லு” என்று அடையாள அட்டை எண்ணைக் கேட்டார்.

“யாரோடது?”

“ஒன்னோடதுதான். பேரு எழுதாம படகுல ஏத்த முடியுமா?”

அவள் சொன்னாள். பாதியில் எண் தடுமாறியது, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் மெதுவாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டார். அந்தத் தாளில் மேலே படகில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கட்டம், கீழே பயணிகளுக்கு நீளமான கட்டம். பேனா கீழ்க்கட்டத்தின் முதல் வரிசையில் போய் நின்றது. அங்கேயே கொஞ்சம் யோசித்தது. பிறகு மேலே வந்தது. பாக் லோங் பெயருக்கு நேர் கீழே அவள் பெயரை எழுதினார்.

பயணிகளை எழுதி முடித்ததும் தாளை அவரே ஜெட்டி அதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போனார். நானும் காற்று வாங்க வெளியே வந்து நின்றேன். அதிகாரி மேல்கட்டத்தை விரலால் தொட்டு, “யார் இது? புது ஆளா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றார் சந்திரன் அண்ணன். “பழைய ஆளுதான்.”

புஷ்பா அதற்குள் படகில் ஏறி, கயிற்றை எப்படி அவிழ்ப்பது என்று பாக் லோங்கிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.